படத்தில் வராதவை

வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்கவென்று போன மாதம் பழைய அலுமாரியை நகர்த்தினோம். அதன் பின்னாலிருந்து கறுப்பு டப்பி ஒன்று உருண்டு வந்து பேத்தியின் காலடியில் நின்றது. சாம்பல் நிற மூடி. “என்ன தாத்தா இது, மருந்து போத்தலா?” என்று கேட்டாள். பிலிம் ரோல் வைக்கும் டப்பி என்றேன். பிலிம் என்றால் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. பதில் சொல்லிக்கொண்டே மூடியை நெம்பித் திறந்தேன். உள்ளே கல்லாகிப்போன உப்பு, ஓரமெல்லாம் புகையிலைத் தூள். மோந்து பார்த்தேன். உப்பு, புகையிலை, இரண்டுக்கும் அடியில் படம் கழுவும் மருந்தான ஹைப்போவின் புளித்த நெடி. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த நெடி இருக்குமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மூக்குக்குத் தெரிந்தது.

அது அம்மாவின் டப்பி. மாவனல்லைக்குப் பக்கத்தில் ஒரு றப்பர் தோட்டத்தில் அவர் பால் வெட்டிக்கொண்டிருந்தார். மழை விட்ட காலைகளில் மலைக்கு ஏறினால் கால் முழுக்க அட்டை. முந்தானையில் உப்பை முடிந்துகொண்டு போனால் ஈரத்தில் கரைந்துவிடும். பிலிம் டப்பிக்குள் தண்ணீர் போகாது. நான் டவுனில் ஸ்டூடியோ வேலைக்குச் சேர்ந்த பிறகு வெறும் டப்பிகளைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வருவேன். “டேய், இன்னும் ரெண்டு கொண்டாந்து குடுடா, லயத்துல எல்லாரும் கேக்குறாங்க” என்பார் அம்மா. கொஞ்ச நாளில் எங்கள் லயத்துப் பெண்கள் எல்லாருடைய இடுப்பிலும் கொடாக் கம்பெனி ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஸ்டூடியோ கண்டி வீதியில், பழைய செங்கல் வளைவுப் பாலத்துக்குக் கிட்ட இருந்தது. முதலாளியை ஊரே நானா என்று கூப்பிடும். நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். முதலில் தரை கூட்டினேன், பிறகு பிரிண்ட் கழுவினேன், பிறகு இருட்டறை. கெமரா கையில் கிடைக்க வெகுகாலம் போனது. அந்தக் காலத்தில் ஸ்டூடியோவுக்குச் சோறு போட்டது கலியாணம் அல்ல, பாஸ்போட் படம். 1964இல் கையெழுத்தான சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் எங்கள் இந்திய வம்சாவளிச் சனத்தில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று கணக்குப் போட்டிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த எழுபதுகளில் அந்தக் கணக்கு இன்னும் தீரவில்லை. கேகாலை, ரம்புக்கனை, அரநாயக்கப் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வந்து நிற்பார்கள். தலைமன்னாரில் கப்பல் ஏறுவதற்கு முன்னால் ஒரு படம். பலருக்கு வாழ்க்கையிலேயே அதுதான் முதல் படம்.

ஸ்டூடியோவில் ஆணியில் ஒரு கோட்டு தொங்கும். வந்த ஆண்கள் எல்லாருக்கும் அந்த ஒரே கோட்டு. பெரியவருக்குக் கைமுட்டியில் நிற்கும், பையனுக்கு முழங்கால் வரை வரும். கீழே சாரமும் வெறுங்காலும் சேறுமாக இருப்பார்கள். நான் ஒருநாள் தண்ணீர்ச் செம்பு கொண்டுபோய் ஒரு தாத்தாவின் காலைக் கழுவப் போனேன். நானா தடுத்தார். “நெஞ்சுக்குக் கீழ என்ன இருந்தா என்ன தம்பி? அது படத்துல வாரல்ல.” தொழிலில் எனக்குக் கிடைத்த முதல் பாடம் அது. அதற்குப் பிறகு யானை எடுத்தேன், சிறுத்தை எடுத்தேன், கடைசியில் சிங்கமும் எடுத்தேன். அந்தப் பாடம் கூடவே வந்தது.

1975இல் பின்னவலயில் யானைகள் சரணாலயம் வந்தது. 25 ஏக்கர் தென்னந்தோப்பு, தாயில்லாத ஐந்து குட்டிகள், அவ்வளவுதான் ஆரம்பம். எங்களுக்கு அது பக்கத்து ஊர். முதலில் ஊர்ப் பிள்ளைகள்தான் வேடிக்கை பார்க்கப் போனார்கள். 1977க்குப் பிறகு நாடு திறந்துவிட்டது. கடைகளில் ரோல் கிடைத்தது, வெள்ளைக்காரர்கள் பஸ் பஸ்ஸாக வந்தார்கள். நானா ஒரு ரஷ்ய செனிட் கெமரா வாங்கினார். கையில் தூக்கினால் உரல் மாதிரி கனக்கும். ஞாயிற்றுக்கிழமைகளில் அதைக் கழுத்தில் மாட்டிவிட்டு என்னைப் பின்னவலவுக்கு அனுப்பினார். வருகிற குடும்பங்களை யானையோடு எடுப்பது, விலாசம் எழுதி வாங்கிக்கொள்வது, பிரிண்ட் போட்டுத் தபாலில் அனுப்புவது. இதுதான் வியாபாரம். மிஞ்சுகிற ரோலில் யானையை மட்டும் எடுக்கலாம் என்று அனுமதி. அந்த மிச்சத்தில்தான் நான் கற்றுக்கொண்டேன்.

யானையைப் படம் எடுப்பது லேசு என்று நினைப்பார்கள். அவ்வளவு பெரிய உருவம், ஓடவும் ஓடாது. ஆனால் கறுப்புத் தோல் கெமராவை ஏமாற்றும். மீற்றரின் ஊசி, இருட்டாக இருக்கிறது, இன்னும் வெளிச்சம் விடு என்று சொல்லும். சொன்னபடி கேட்டால் யானை சாம்பல் பூத்துப்போய், ஆறு சுண்ணாம்புத் தண்ணீராகிவிடும். ஊசி சொல்வதைவிட ஒரு படி மூட வேண்டும். நனைந்த யானை என்றால் முதுகில் வெயில் பளபளக்கும், அதற்கு இன்னும் கொஞ்சம். காலை பத்து மணிக்குக் குளிப்பாட்ட இறக்கும்போது வெயில் உச்சியிலிருந்து விழுந்து கண்ணெல்லாம் குழியாகத் தெரியும். பின்னேரக் குளியல் முடிகிற நேரத்தில்தான் வெளிச்சம் பக்கவாட்டில் வரும். அப்போது தோலின் ஒவ்வொரு சுருக்கமும் எழும்பும், காதோரத்து இளஞ்சிவப்புப் புள்ளிகள் தெரியும், கண்ணிமை மயிர் எண்ணக்கூடியதாக நிற்கும்.

ஆனால் பெரிய பிரச்சினை சங்கிலி. பெரிய யானைகளின் காலில் சங்கிலி கிடக்கும். படம் வாங்குகிற எவருக்கும் அது பிடிக்காது. காட்டு யானை மாதிரி வேண்டும். இதற்குப் பரிகாரம் யானைகளைக் குளிப்பாட்டும் மகா ஓயா ஆற்றில் இருந்தது. வயிறளவு தண்ணீரில் இறங்கிவிட்டால் சங்கிலி மறைந்துவிடும். பாறையில் குப்புறப் படுத்து, கெமராவைத் தண்ணீருக்கு ஒரு சாண் மேலே வைத்து எடுத்தால் எதிர்க்கரைப் புதர் மட்டும்தான் பின்னால் வரும். கரையோரத்து ஹோட்டல் மாடி, ஐஸ்கிரீம் குடை, வேடிக்கை பார்க்கிற கூட்டம் ஒன்றும் இருக்காது. பின்னவல யானைகள் என்று அந்தக் காலத்து வாழ்த்து அட்டைகளில் பார்த்திருப்பீர்களே, அவை அநேகமாக எல்லாமே ஆற்றுக்குள் எடுத்தவை. ஏன் என்று இப்போது விளங்கும்.

ஒருநாள் பாகன் ஒருவர் கடைக்கு வந்தார். அவருடைய யானையின் படத்தைப் பெரிதாகப் போட்டுக் கண்ணாடி அலுமாரியில் வைத்திருந்தோம். வெகுநேரம் உற்றுப் பார்த்தார். படத்தின் இடது ஓரத்தில் யானையின் காதுக்குக் கீழே ஒரு மணிக்கட்டும் அங்குசத்தின் நுனியும் தெரிந்தன. பிரிண்ட் போடும்போது வெட்டியதில் தப்பிப்போன துண்டு. அவர் அதைத் தொட்டு, “இது என்னுடைய கை. மிச்சம் எங்கே?” என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை, உண்மையாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். நானா நெகட்டிவ்வைத் தேடி எடுத்து முழுப் படத்தையும் பிரிண்ட் போட்டுக் கொடுத்தார், காசு வாங்கவில்லை. அந்த முழுப் படத்தைப் பார்த்தபோதுதான் கவனித்தேன். யானை கெமராவைப் பார்க்கவில்லை, பாகனைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவரை வெட்டிய படத்தில் அது எங்கேயோ தூரத்தை ஏக்கமாகப் பார்ப்பதுபோல இருந்தது. வாங்கியவர்கள் எல்லாரும் அந்த ஏக்கத்துக்காகத்தான் வாங்கினார்கள்.

பிறகு போர்க்காலம். பின்னவலவுக்கு சமா என்ற குட்டி வந்தது. மிதிவெடியில் முன்னங்காலின் பாதம் போயிருந்தது. மூன்று காலால் தத்தித் தத்தி ஆற்றுக்கு நடக்கும். படம் எடுக்க வந்தவர்கள் இரண்டு கட்சி. ஒரு கட்சி அந்தக் காலை மட்டும் எடுத்தது, மற்றது அந்தக் கால் தெரியாமல் எடுத்தது. வேட்டுப்பட்டுக் கண் இழந்த ராஜா என்ற கிழ ஆண் யானையும் அங்கே நின்றது. அதை ஆற்றுக்குக் கூட்டிப்போக மாட்டார்கள். நின்ற இடத்துக்குத் தீனி வரும். அது பாட்டுக்கு மெதுவாக மென்றுகொண்டிருக்கும்.

அந்தக் காலத்தில் ஒரு தமிழன் நீளமான லென்ஸைப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போவது எப்படி என்று இப்போதுள்ள பிள்ளைகளுக்குச் சொன்னால் சிரிப்பார்கள். உழைத்துச் சேர்த்துப் பழைய 400 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று வாங்கியிருந்தேன். யாலவில் சிறுத்தை எடுக்க வேண்டும் என்று ஆசை. அதற்குக் காரணம் நிஹால் பெர்னாண்டோ என்ற புகைப்படக்காரர். 1986இல் வந்த அவருடைய வனவாழ்வுப் புத்தகத்தைக் கண்டியில் ஒரு நூலகத்தில் பக்கம் பக்கமாகப் பார்த்திருந்தேன். நம் நாட்டில் இப்படியும் இருக்கிறதா என்று ஆகிவிட்டது. திஸ்ஸமகாராமவுக்குப் போகும் வழியில் ஒரு சோதனைச் சாவடியில் எல்லாரையும் இறக்கினார்கள். என் அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர், தோட்டத்து விலாசம். பையைத் திறந்தால் குழாய் மாதிரி ஒரு சாமான். காவலில் நின்ற பையனின் முகம் மாறியது. கெமராவில் பூட்டிக் காட்டு என்றான். பூட்டிக் கொடுத்தேன். கண்ணை வைத்துத் திருகித் திருகிப் பார்த்தான். தந்திக் கம்பியில் ஒரு காகம் இருந்தது. அது கண்ணுக்குள் வந்து உட்கார்ந்ததும் “அடேயப்பா” என்று அவன் மொழியில் கத்திவிட்டு மற்றவர்களையும் கூப்பிட்டான். வரிசையாக வந்து எல்லாரும் காகம் பார்த்தார்கள். பஸ் காத்திருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் என்னைத் திட்டிக்கொண்டு காத்திருந்தார்கள்.

யால 1938இலேயே தேசியப் பூங்காவானது. அந்த நாட்களில் உள்ளே போனால் ஜீப்பும் நாமும் மட்டும்தான். கூட வந்த வழிகாட்டி அதிகம் பேசாதவர். மண்ணில் தடம் பார்ப்பார், குரங்கு கத்தினால் கையைத் தூக்குவார். சாரதி இயந்திரத்தை நிறுத்திவிடுவான். மான் ஒருவிதமாகக் கத்தும், மந்தி ஒருவிதமாகக் கத்தும். இரண்டும் ஒரே திசையைப் பார்த்துக் கத்தினால் அங்கே இருக்கிறது என்று அர்த்தம். அப்படிக் காத்திருந்து ஒரு மாலையில் பாறைமேல் சிறுத்தை கண்டேன். ரோலில் மிச்சம் இருந்தது கொஞ்சப் படங்கள். வெளிச்சமும் போய்க்கொண்டிருந்தது. எடுத்ததில் பாதி ஆடியிருந்தது. நல்லதாக வந்த ஒன்றில் சிறுத்தை கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கிறது. பார்ப்பவர்கள் உறுமுகிறது என்பார்கள். நான் திருத்துவதில்லை.

எங்கள் தோட்டப்புறங்களில் சிறுத்தையைப் புலி என்றுதான் சொல்வது. யாரும் காசு கொடுத்துப் பார்க்கப் போனதில்லை. அதுதான் எங்களைப் பார்க்க வரும். லயத்து நாயைத் தூக்கிக்கொண்டு போகும், விடிந்து பார்த்தால் சங்கிலி மட்டும் கிடக்கும். அம்மாவிடம் நான் எடுத்த படத்தைக் காட்டியபோது அவர் கையில் வாங்கவில்லை. “இத எதுக்குடா தேடிப் போற?” என்றார்.

நானா அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டினார். 2001 மே மாதம் மாவனல்லையில் கலவரம் வந்து கடைகள் எரிந்தபோது அதுவும் எரிந்தது. பின்னவலயின் முதல் குட்டிகள், கோட்டுப் போட்ட தாத்தாக்கள், கப்பல் ஏறிய குடும்பங்கள், எத்தனையோ கலியாணங்கள், எல்லா நெகட்டிவ்வும் ஒரே இரவில் போயின. நானா மறுபடி கடை திறக்கவில்லை. நான் கண்டியில் ஒரு கலர் லாப்பில் வேலை பார்த்தேன். கொஞ்சக் காலத்தில் டிஜிட்டல் வந்து லாப்பையும் மூடியது. அதைப் பற்றிச் சொல்லப் போனால் வேறு கட்டுரையாகிவிடும்.

ஆபிரிக்காவுக்குப் போனது அக்கா மகனால். அவன் தேயிலைத் தொழிற்சாலை வேலை படித்து, கென்யாவில் கெரிச்சோ என்ற இடத்துக்கு உத்தியோகமாகப் போயிருந்தான். “மாமா, நீங்க வந்தே ஆகணும். சிங்கம் பக்கத்துலதான் இருக்கு” என்று டிக்கெட் அனுப்பினான். கெரிச்சோவில் இறங்கியதும் எனக்குப் பயணம் வந்தது மாதிரியே இல்லை. அதே பச்சைக் கம்பளம், அதே பின்னேர மழை, அதே கொழுந்து வாசம். வரிசையாக வீடுகள். லயத்துக்கு அங்கே பெயர்தான் வேறு. ஆனால் கொழுந்தை மெஷினால் வெட்டினார்கள். கைக்கு வேலை போகிறது என்று அங்குள்ளவர்களுக்குப் பெரிய மனக்குறை.

அங்கிருந்து மசாய் மாரா சில மணி நேர ஓட்டம். போகிற வழியில் மருமகன் ரயில்பாதைக் கதையை ஆரம்பித்தான். மொம்பாசாவிலிருந்து உள்நாட்டுக்குப் பாதை போட வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து 30,000க்கும் மேற்பட்ட கூலிகளைக் கப்பலில் கொண்டுவந்தான். அநேகம் பேர் பஞ்சாப் பக்கத்தவர்கள். 1898இல் சாவோ ஆற்றுக்குப் பாலம் கட்டும்போது இரண்டு சிங்கங்கள் மாதக்கணக்கில் அவர்களுடைய கூடாரங்களுக்குள் புகுந்து ஆட்களை இழுத்துப் போயின. கடைசியில் பாலம் கட்ட வந்த பாற்றர்சன் என்ற அதிகாரி இரண்டையும் சுட்டார். தோலைப் பல வருஷம் வீட்டில் தரைவிரிப்பாகப் போட்டிருந்துவிட்டுச் சிக்காகோ நூதனசாலைக்கு விற்றார். இப்போது அவை பாடம் செய்யப்பட்டுக் கண்ணாடிக்குள் நிற்கின்றன. செத்தவர்கள் 135 என்று அவர் ஒரு கணக்குச் சொன்னார். சிங்கத்தின் எலும்பையும் மயிரையும் வைத்துப் பிற்காலத்தில் ஆராய்ந்தவர்கள் ஏறக்குறைய 35 என்றார்கள். சுட்டவர் பெயர் தெரியும், சிங்கத்தின் நீளம் தெரியும். தின்னப்பட்டவர்களில் எத்தனை பேருடைய பெயர் தெரியும்? கூலிக் கப்பலில் வந்த சனத்தின் பேரன் நான். இந்த இடத்தில் எனக்குச் சிங்கத்தின் மேல் இருந்த பிரியம் கொஞ்சம் குறைந்தது.

மாரா பூங்கா 1,510 சதுர கிலோமீற்றர். தெற்கே எல்லைக் கோட்டுக்கு அந்தப் பக்கம் செரெங்கெட்டி. மிருகங்களுக்கு இரண்டும் ஒன்றுதான். விடியமுன் பூங்கா வாசலைத் தாண்டினோம். புல் முழங்காலுக்கு மேல், வெயில் பட்டதும் சிங்கத்தின் நிறத்துக்கே மாறிவிடும். எங்கள் சாரதி மசாய் இனத்தவர். வண்டிக் கூரையைத் தூக்கிவிட்டு ஒரே ஒரு எச்சரிக்கை சொன்னார்: வண்டிக்கு வெளியே கையோ காலோ உடம்போ நீட்டாதீர்கள். வண்டியும் ஆட்களும் ஒட்டியிருக்கும்வரை சிங்கத்துக்கு அது பெரிய, சாப்பிட முடியாத ஒரு ஜந்து. பிரிந்து தெரிந்தால்தான் உள்ளே இருப்பது என்ன என்ற யோசனை அதற்கு வரும். இதைக் கேட்ட பிறகு மருமகன் கையைக் கட்டிக்கொண்டே இருந்தான்.

சிங்கம் ஒரு நாளில் முக்கால்வாசி நேரம் தூங்கும். நாங்கள் கண்ட முதல் ஆண் சிங்கம் மல்லாந்து கிடந்தது. நான்கு காலும் ஆகாயத்தில், முகம் முழுக்க இலையான். இரண்டு பக்கத்திலிருந்தும் வண்டிகள் வந்துகொண்டே இருந்தன. சாரதிகள் ரேடியோவில் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்கிறார்கள். ஒரு சிங்கத்தைச் சுற்றி ஐந்து வண்டிதான் நிற்கலாம் என்று அங்கே விதி. அன்றைக்கு எத்தனை நின்றன என்று எண்ண எனக்கு மனம் வரவில்லை.

அந்த ஆண் சிங்கத்தோடு கிடந்த கூட்டத்திலிருந்து ஒரு பெண் சிங்கம் எழும்பியது. சோம்பல் முறித்துவிட்டு நேரே எங்களை நோக்கி நடந்தது. வண்டியின் நிழலுக்குள் வந்து, பின் சக்கரத்தில் முதுகைச் சாய்த்துப் படுத்துக்கொண்டது. உச்சி வெயிலில் அந்த வெளியில் நிழல் என்று இருந்தது எங்கள் வண்டிதான். நான் இருந்த இருக்கைக்கு நேரே கீழே. நான் கொண்டுபோன லென்ஸுக்கு அவ்வளவு கிட்டத்தில் எதுவுமே தெளியாது, மஞ்சள் புகைதான் தெரியும். கெமராவை மடியில் வைத்துவிட்டு வெறுங்கண்ணால் பார்த்தேன். இடது காது நுனி கிழிந்து ஆறியிருந்தது. காதின் உள்மடிப்பில் உண்ணிகள், பச்சைப் பட்டாணி அளவுக்கு ஊதி வரிசையாக இருந்தன. மூக்கு இளஞ்சிவப்பில் கறுப்புப் புள்ளி விழுந்து கிடந்தது. மூச்சு விடும்போது அதன் வாய்க்கு முன்னால் இருந்த புழுதி கொஞ்சம் நகரும், இழுக்கும்போது நிற்கும். மீசை மயிர் முளைக்கிற இடத்தில் வரிசை வரிசையாகக் கறுப்புப் பொட்டுகள்.

சாரதி மெதுவாக அந்தப் பொட்டுகளைக் காட்டினார். மேல் வரிசையில் எது எங்கே இருக்கிறது என்பது ஒவ்வொரு சிங்கத்துக்கும் வேறு. குட்டியில் இருப்பது கிழடானாலும் மாறாது. 1970 வாக்கில் நைரோபிக்குப் பக்கத்துப் பூங்காவில் சிங்கங்களை ஆராய்ந்தவர்கள் இந்தப் பொட்டுகளைப் படம் எடுத்து ஆள் அடையாளம் காணும் முறையை வகுத்தார்கள். இன்றைக்கும் ஆராய்ச்சியாளர்கள் இரண்டு கன்னத்தையும் படம் எடுத்துக் கோப்பில் வைக்கிறார்கள். இடது பக்கம் ஒன்று, வலது பக்கம் ஒன்று. கேட்டதும் எனக்கு நானாவின் ஸ்டூடியோ ஞாபகம் வந்து சிரித்துவிட்டேன். எங்கள் சனம் எத்தனையோ பேர் இரண்டு நாட்டில் எதிலும் சேராமல், கையில் ஒரு அட்டை இல்லாமல் செத்துப்போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்குப் பிரஜாவுரிமை முழுதாகக் கிடைக்க 2003ஆம் ஆண்டுச் சட்டம் வர வேண்டியிருந்தது. மாராச் சிங்கத்துக்குக் கோப்பு இருந்தது. சந்தோஷம்தான்.

சுற்றி நின்ற வண்டிகளில் இருந்த லென்ஸ் எல்லாம் இப்போது எங்கள் பக்கம் திரும்பின. படபடவென்று அடித்தார்கள். நான் அவர்களுடைய படங்களில் இருக்க மாட்டேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். சக்கரத்தை வெட்டியிருப்பார்கள். புல்லும் சிங்கமும் ஆகாயமும் மட்டும் மிஞ்சியிருக்கும்.

ஊருக்கு வந்ததும் எல்லாரும் கேட்டது, நம் நாட்டில் கொடியில் தவிர எங்கே சிங்கம் இருந்தது என்றுதான். இருந்தது. அதுவும் நம் சப்ரகமுவவில். இரத்தினபுரிக்குப் பக்கத்தில் குருவிட்டவில் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த பற்களை வைத்து, பி.ஈ.பி. தெரணியகல 1939இல் இலங்கைச் சிங்கத்தைத் தனி உபஇனமாக விவரித்தார். மாணிக்கக்கல் தோண்டும் சரளை மண்ணிலிருந்து நீர்யானை எலும்பும் காண்டாமிருக எலும்பும்கூட வந்திருக்கின்றன. மனிதன் படம் வரையவும் கற்காத காலமாக இருக்கலாம், பல்லாயிரம் வருஷம் முன்பு அவை இங்கே நடமாடின. அந்தச் சிங்கத்துக்குப் பிடரி இருந்ததா, என்ன நிறம், எவ்வளவு உயரம், ஒன்றும் தெரியாது. பல் மட்டும்தான். யாருக்கும் படம் காட்டாமல் போய்விட்ட ஒரே சிங்கம் என்று எனக்கு அதன்மேல் தனி மரியாதை.

இப்போது யாலவுக்குப் பேரப்பிள்ளைகளோடு போனால் எனக்கு மூச்சு முட்டுகிறது. போர் முடிந்த பிறகு பாதை திறந்தது, நல்லதுதான். ஆனால் எல்லாரும் போவது முதலாம் வலயம் என்ற சுமார் 140 சதுர கிலோமீற்றருக்குள். சிறுத்தையின் வால் தெரிகிறது என்று ஒரு சாரதி கைபேசியில் சொன்னால் போதும், புழுதி கிளப்பிக்கொண்டு ஜீப்புகள் வந்து மொய்க்கும். முட்டுகிறார்கள், சத்தம் போடுகிறார்கள். சிறுத்தை எழும்பிப் போய்விடுகிறது. அந்தக் கூட்டத்துக்குள் நின்றும் அழகான படம் எடுக்கலாம், எடுக்கிறார்கள். புதரும் சிறுத்தையும் மட்டும், தவம் கிடந்து எடுத்தது மாதிரி. மயிலாப்பூர்க்காரர் மா. கிருஷ்ணன் முதுமலைக் காடுகளில் வளர்ப்பு யானையின் முதுகில் உட்கார்ந்து கறுப்பு வெள்ளையில் எடுத்த படங்களை நான் வெகு பிந்தித்தான் பார்த்தேன். பல படங்களில் மிருகம் சின்னதாக இருக்கும், காடு பெரிதாக இருக்கும். இப்போது எல்லாப் படத்திலும் முகம் மட்டும்.

நான் பார்த்ததில் மனசுக்குப் பிடித்த ஏற்பாடு உடவளவையில்தான் இருக்கிறது. 1995இல் தொடங்கிய யானைக் குட்டிகள் இடைத்தங்கல் நிலையம். தாயிழந்த குட்டிகளுக்குச் சில மணி நேரத்துக்கு ஒருமுறை பால் கொடுக்கிறார்கள். சனம் தூரத்து மேடையில் நின்று பார்க்கலாம், தொட முடியாது. வளர்ந்ததும் காட்டுக்கு விட்டுவிடுகிறார்கள். இதுவரை நூற்றுக்கு மேல் போய்விட்டன. படம் எடுக்கிறவனுக்கு அங்கே பெரிதாக ஒன்றும் கிடைக்காது. தூரம் அதிகம், கம்பி மறைக்கும். பரவாயில்லை.

அதே உடவளவைக்குத்தான் 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் லக்சபான தோட்டப் பகுதியில் கம்பிக் கண்ணியில் மாட்டிய கருஞ்சிறுத்தையையும் சிகிச்சைக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாளில் செத்துப்போனது. அதன் படம் நாடு முழுக்கக் கைபேசியில் சுற்றியது. பளபளக்கும் கறுப்புத் தோல், பச்சைக் கண். மலையகத் தோட்டங்களில் பன்றிக்கு வைக்கிற கண்ணிகளில் வருஷா வருஷம் சிறுத்தைகள் மாட்டிச் சாகின்றன. மற்றவை அவ்வளவு கறுப்பாக இல்லாததால் படமாகவில்லை.

நீங்கள் யாலவுக்குப் போகிறவர்களாக இருந்தால் ஜீப் பேசும்போதே சாரதியிடம், ஓட வேண்டாம், சிறுத்தை கிடைக்காவிட்டால் பரவாயில்லை என்று சொல்லிவிடுங்கள். சொன்னால் கேட்கிறார்கள். காட்டுகிற ஆளுக்குத்தான் கூடுதல் காசு என்று நாமே பழக்கியதால்தான் அவர்கள் ஓடுகிறார்கள். கூட்டத்தில் மாட்டிக்கொண்டால் கெமராவைத் திருப்பி அந்த ஜீப் வரிசையையும் ஒரு படம் எடுங்கள், வீட்டில் காட்டும்போது அதையும் சேர்த்துக் காட்டுங்கள். பின்னவலவுக்கு வந்தால் யானைக்குப் பக்கத்தில் நிற்கிற பாகனிடம் கேட்டு அவரையும் முழுசாக எடுத்து, படத்தை அவருக்கே அனுப்பிவிடுங்கள். இப்போது எல்லாரிடமும் வாட்ஸ்அப் இருக்கிறது, தபால் செலவும் இல்லை.